பிடிபட்ட இடம்

முல்லைத்தீவுக் கரையில் மீனோடு வருகிற ஆளை மறித்து, எங்கே பிடித்தாய் என்று கேட்பது மரியாதையில்லை. கேட்டாலும் உண்மை வராது. வடக்கே பிடித்திருந்தால் தெற்கு என்பார்கள். களப்பில் பிடித்திருந்தால் பெருங்கடல் என்பார்கள். கேட்டவனும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். சொன்னதை நம்பி மறுநாள் அங்கே வலையைக் கொண்டுபோகிறவன் அந்தக் கரையில் பிறந்தவனாக இருக்கமாட்டான். இதற்குப் பொய் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. வாராவாரம் பாவசங்கீர்த்தனம் செய்கிற கிழவர்கள்கூட இதைப் பங்குச் சுவாமியாரிடம் சொன்னதாகக் கேள்வியில்லை.

ஸ்ரீபனும் அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்தான். ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தொன்றில் அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மனைவி மார்கிறட் காய்ச்சலில் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. வட்டுவாகல் பக்கமாக, ஊர் முடிகிற இடத்தில் ஓர் ஓலை வீடு, ஒரு சிறிய வள்ளம், ஒரு பூனை. பூனையும் பகலில் அடுத்த வீட்டுப் பேதுருவின் குசினியிலேதான் கிடக்கும். அங்கே பிள்ளைகள் ஏழு, மீன்தலையும் அதிகம். யார்தான் போகமாட்டார்கள்?

அவர் நந்திக்கடல் என்கிற உப்புநீர்க் களப்பில் தனியாகத் தொழில் செய்தார். துணைக்கு வருகிறோம் என்று கேட்டவர்களை ஏதாவது சாட்டுச் சொல்லி அனுப்பிவிடுவார். அதற்குக் காரணம் இருந்தது. அந்தக் களப்பு பெரும்பாலும் இடுப்பளவுத் தண்ணீர். ஆனால் மேற்கே, கேப்பாப்புலவுக் கரைக்கு எட்ட, ஓரிடத்தில் மட்டும் நிலம் திடீரென்று இறங்கி மூன்று பாகம், மூன்று ஆள் ஆழத்துக்குப் பள்ளமான கிடங்காகக் கிடந்தது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோயில் சிலுவையையும் கரையில் நிற்கிற இரட்டைப் பனையையும் ஒரு நேராக வைத்து, பிறகு இடப்பக்கம் ஒரு புளியமரம் மற்றொன்றை மறைக்கும்வரை வள்ளத்தை நகர்த்தினால் அங்கே வந்து சேரலாம். கோடையில் களப்பு வற்றிக் கொதிக்கும்போது பெரிய கொடுவா மீன்கள் எல்லாம் அதற்குள் இறங்கிவிடும்.

அதைக் கண்டுபிடித்தது மார்கிறட். கலியாணம் முடித்த வருடம் இருவருமாக வள்ளத்தில் கேப்பாப்புலவிலிருந்து நெல்லு மூட்டையோடு திரும்பி வருகையில், காற்று அடங்கட்டும் என்று அவள் நங்கூரக்கல்லைத் தூக்கிப் போட்டாள். கல் போனது, கயிறு போனது, கயிற்று நுனியும் கையைவிட்டுப் போனது. கல்லைத் தொலைத்ததற்கு ஸ்ரீபன் ஏசத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அந்த இடத்துக்கு அவள் ஒரு பெயர் வைத்தாள். வெளியாட்கள் கேட்டால் விளங்காத, கொஞ்சம் வெட்கம் கெட்ட பெயர். விடியப்புறம் தேநீர் ஊற்றிக் கொடுக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி, "இண்டைக்கும் அங்கயோ?" என்று கேட்பாள். இருபத்தேழு வருடம் கேட்டாள். அவள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை.

அறுபத்தொன்றாம் ஆண்டு ஆவணியில், அந்தக் கிடங்கில் வலைப்பட்ட ஒரு கொடுவாவின் முதுகில் மஞ்சள் நிறத்தில் ஒரு பொத்தான் கம்பியால் கோத்திருந்தது. அதில் ஓர் இலக்கம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்து, மீன்களுக்குத் தோடு குத்திக் களப்பில் விடுகிறாள் என்று ஊரில் ஒரு மாதமாகக் கதை. பொத்தானைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நிரப்புவதற்கு ஓர் அட்டை தருவார்கள் என்று தபால் கந்தோரில் அறிவித்தலும் ஒட்டியிருந்தது. ஊரில் அதை மதித்தவர் இல்லை. பேதுருவின் கடைசி மகளுடைய பாவைப்பிள்ளைக்கு அப்படி இரண்டு தோடு இருந்தது.

ஸ்ரீபன் அட்டையை வாங்கினார். சும்மா இருந்த பொழுதுக்கு ஒரு வேலை, வேறொன்றுமில்லை. மீனின் நீளம், நாள், பிடித்தவர் பெயர் என்று கேட்டிருந்ததற்கெல்லாம் ஒழுங்காக எழுதினார். 'பிடிபட்ட இடம்' என்று ஒரு கோடு போட்டிருந்தது. அந்த இடத்தில் கை தானாக 'வட்டுவாகல்' என்று எழுதிற்று. களப்பு கடலோடு சேருகிற வாய் அது. ஊரே நின்று வலை வீசுகிற இடம். அதைச் சொன்னால் எவருக்கும் நட்டமில்லை. இவ்வளவு படித்தவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும், ஒரு முறைக்குத்தான் கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்தாரே தவிர, அதற்குமேல் யோசிக்கவில்லை.

மூன்றாம் கிழமை அவருக்குக் கடிதம் வந்தது.

ஸ்ரீபனுக்குக் கடிதம் வருவது சின்ன விஷயமில்லை. தபால்காரர் அந்த ஒழுங்கையில் சைக்கிளைத் திருப்பியதே அன்றுதான் முதல்தரம். கடிதத்தில், நீங்கள் பிடித்த மீன் இருபத்தாறு நாளுக்கு முன்பு கேப்பாப்புலவுப் பக்கத்தில் தோடு குத்தி விடப்பட்டது, அது இவ்வளவு தூரம் நீந்தி வட்டுவாகலுக்கு வந்திருக்கிறது என்பது எங்கள் ஆராய்ச்சிக்கு மிகவும் பயனுள்ள செய்தி என்று எழுதியிருந்தது. கீழே, 'நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா?' என்று ஒரு வரி. விமலேஸ்வரி, உதவி விரிவுரையாளர், விலங்கியல் பகுதி என்று கையெழுத்து. மற்றதெல்லாம் தட்டச்சு. அந்த ஒரு வரியும் கையெழுத்தும்தான் மை.

சுகமாக இருக்கிறீர்களா என்று அவரை யாரும் கேட்டு நெடுநாள். ஊரில் காண்கிறவர்கள், "என்ன ஸ்ரீபன்?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த தோடு கிடைத்தபோது அட்டையின் ஓரத்தில், 'சுகம். நீங்களும் அப்படியே என நம்புகிறேன்' என்று எழுதினார். இடம்: வட்டுவாகல்.

அப்படியே நாலு வருடம் போனது. ஒரு தோடு, ஓர் அட்டை, ஒரு கடிதம். கடிதங்களை மார்கிறட்டின் பிஸ்கற் பேணியில் போட்டு வைத்தார். மழை இருட்டினால் எடுத்து முதலிலிருந்து வாசிப்பார். ஒவ்வொரு கோடையும் விமலேஸ்வரி இரண்டு மாணவர்களோடு வந்து தோடு குத்தும்போது, அவர் சவரம் செய்து சட்டை போட்டுக்கொண்டு கரைக்குப் போவார். அவள் கோண்டாவில் ஊர்ப் பெண். முப்பது வயது இருக்கும். தொப்பியும் போட்டு அதற்குமேல் குடையும் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பாள். அவரை ஸ்ரீபன் அண்ணை என்பாள். அவர் ரீச்சர் என்பார். மற்றவர்கள் இருபது தோடு கிடைத்தால் ஒன்றைக் கொடுப்பார்கள், நீங்கள் ஒருவர்தான் ஒன்றுவிடாமல் அனுப்புகிறீர்கள் என்று அவள் சொன்ன அன்று அவருக்குச் சாப்பாடு தேவைப்படவில்லை.

எல்லா மீனும் அந்தக் கிடங்கில் பட்டவைதான். எல்லா அட்டையும் வட்டுவாகல்தான். சலிப்புத் தட்டினால் எப்போதாவது வற்றாப்பளை என்று ஒன்றைப் போடுவார்.

அறுபத்தைந்தில் வந்தது அழைப்பிதழ். பல்கலைக்கழகத்தில் மூன்று நாள் கண்காட்சி, இரண்டாம் நாள் பிற்பகலில் விமலேஸ்வரியின் சொற்பொழிவு, நீங்கள் கட்டாயம் வரவேண்டும். ஸ்ரீபன் கலியாணத்துக்கு எடுத்த கோட்டை வெயிலில் போட்டார். பூச்சி அரித்திருந்தது. வெள்ளைச் சட்டையோடு புறப்பட்டார். கையில் பனையோலைப் பெட்டி நிறையத் திரளிக் கருவாடு. மாங்குளம்வரை பஸ், அங்கிருந்து ரயில், பொல்காவலையில் மாறி இன்னொரு ரயில். பெட்டியை ஆசனத்துக்குக் கீழே தள்ளி வைத்தும் பயனில்லை. எதிரே இருந்தவர்கள் இரண்டு ஸ்டேசனுக்குள் வேறு இடம் தேடிக்கொண்டார்கள். கருவாட்டைக் குறை சொல்ல முடியாது. அது தன் வேலையைச் செய்தது.

அவ்வளவு பெரிய இடத்தை அவர் கண்டதில்லை. மலை, ஆறு, புல், கல்லுக் கட்டடங்கள், அவற்றுக்கிடையே பேசிக்கொண்டு போகிற பிள்ளைகள். பள்ளிக்கூடம் என்றால் ஒரு மணி இருக்கும், ஒரு வேலி இருக்கும் என்று நினைத்திருந்தார். இங்கே வேலியையே காணவில்லை. விமலேஸ்வரி வந்து கருவாட்டுப் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மூக்கைச் சுளிக்கவில்லை. பக்கத்தில் நின்ற மாணவன் சுளித்தான்.

மண்டபத்துக்குள் ஒரு சுவர் முழுக்க நந்திக்கடல். வட்டுவாகல், வற்றாப்பளை, கேப்பாப்புலவு எல்லாம் எழுதி, நீலம் தீட்டி, அதன்மேல் குண்டூசி குத்திச் சிவப்பு நூல் இழுத்திருந்தார்கள். ஒன்றிரண்டைத் தவிர, நூல்கள் எல்லாம் மேற்கேயிருந்து புறப்பட்டு, களப்பைக் குறுக்கறுத்து வந்து வட்டுவாகலில் ஒரே முடிச்சாகக் கூடின. ஸ்ரீபன் கிட்டப்போய்ப் பார்த்தார். ஒவ்வொரு நூலும் ஓர் அட்டை. முப்பத்தெட்டு நூல் என்று மாணவன் சொன்னான். அதில் முப்பத்தொன்று ஐயாவுடையது என்றும் சொன்னான்.

அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. கேட்டவர்கள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்கள். சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார்கள். அந்தச் சுவரில் தொங்கியது அவருடைய கையால் இழுத்த நூல். அதில் ஒரு மீனும் நீந்தியதில்லை.

சொற்பொழிவு இங்கிலீசில் நடந்தது. மூன்றாம் வரிசையில், கையை மடியில் வைத்தபடி இருந்தார். ஒன்றும் விளங்கவில்லை. வட்டுவாகல் என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு முதுகில் யாரோ தட்டுகிற மாதிரி இருந்தது. கடைசியில், "மிஸ்ரர் ஸ்ரீபன்" என்று கேட்டது. விமலேஸ்வரி அவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள். மண்டபம் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. அவருக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. எழுந்து நின்றார். கும்பிட்டார். எழுந்த இடத்திலேயே அழுகை வந்துவிடும்போல இருந்தது. சந்தோசத்தில் கிழவன் கலங்குகிறான் என்று எல்லாரும் இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

தேநீரின்போது சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் அவள் பக்கம் போனார். ஒருதரம் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மற்றத் தரம் அவளே முந்திக்கொண்டு, இந்த ஆராய்ச்சியை வைத்துத்தான் அடுத்த வருடம் தனக்கு மேற்படிப்புக்கு வெளிநாடு போகக் கிடைக்கப்போகிறது, எல்லாம் உங்களால்தான் அண்ணை என்றாள். ஸ்ரீபன் தேநீரைக் குடித்தார். ரயிலுக்கு நேரமாகிறது என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் தொழிலுக்கு ஒழுங்காகப் போகவில்லை. பேதுரு வேலிக்கு மேலால் எட்டி, பேராதனைத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று பகிடி பண்ணினார். ஸ்ரீபன் பேணியைத் திறந்து கடிதங்களை எடுத்து வைத்தார், திருப்பிப் போட்டார். உண்மையைச் சொன்னால் இனி ஒரு கடிதமும் வராது. பொய்யனுக்கு யார் சுகம் கேட்டு எழுதுவார்கள்? அதோடு கிடங்கும் போய்விடும். அவருக்கும் மார்கிறட்டுக்கும் நடுவில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் கடிதம் வந்துகொண்டேயிருக்கும். அந்தப் பெண் அவருடைய பொய்யைத் தலையில் வைத்துக்கொண்டு கடல் கடந்து போவாள். அங்கே யாராவது அதைப் பிடித்துவிட்டால் அவள் தனியாக நிற்பாள். தனியாக நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

ஐப்பசி தொடக்கத்தில் ஓர் அட்டையை எடுத்து, மற்றக் கோடுகளையெல்லாம் வெறுமையாக விட்டு, 'ரீச்சர் ஒருக்கா வரவேணும். எழுத ஏலாது' என்று எழுதிப் போட்டார்.

அவருக்கு ஏதோ வருத்தம், படுத்துவிட்டார் என்று நினைத்து அவள் அந்தக் கிழமையே வந்துவிட்டாள். கையில் தோடம்பழம்வேறு. ஸ்ரீபன் அவளை வள்ளத்தில் ஏற்றிக் கம்பை ஊன்றினார். சிலுவையும் இரட்டைப் பனையும் ஒன்றாகி, புளியமரம் புளியமரத்தை மறைத்ததும் நிறுத்தினார்.

"கம்பை ஊண்டிப் பாருங்கோ," என்றார்.

அவள் வாங்கி ஊன்றினாள். கம்பு கைப்பிடிவரை போனது, நிலம் தட்டவில்லை.

"முப்பத்தொரு மீனும் இதுக்குள்ளதான் பட்டது ரீச்சர். வட்டுவாகலிலை ஒண்டும் படேல்லை."

அவள் கம்பைப் பிடித்தபடியே நின்றாள். "முப்பத்தொண்டுமோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"ஏன் அண்ணை?"

"எங்கட ஆக்களிட்டை அப்பிடிக் கேக்கிறேல்லை. கேட்டா அப்பிடித்தான் சொல்லுறது. உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன். பிறகு அந்தச் சுவரிலை பாத்தாப் பிறகுதான்…" அவர் நிறுத்தினார். "கடிதம் வராமல் போயிடுமெண்டு அங்க சொல்லேல்லை. அது என்ரை பிழை."

விமலேஸ்வரி வள்ளத்துக் குறுக்குப் பலகையில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றினாள். அழுவாள் என்று ஸ்ரீபன் பயந்தார். அவள் அழவில்லை.

"அப்ப மீன் ஒரு இடமும் போகேல்லை," என்றாள்.

"போகேல்லை ரீச்சர். மழை வருமட்டும் இதுக்குள்ளயேதான் கிடக்குதுகள்."

அவள் பையைத் திறந்து கொப்பியை எடுத்தாள். ஆழத்தை எழுதினாள், சிலுவையை எழுதினாள், பனையை எழுதினாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். எல்லாம் எழுதி முடித்துவிட்டு, பென்சிலைக் கொப்பியில் வைத்தபடி நிமிர்ந்தாள்.

"இந்தக் கிடங்குக்கு என்ன பேர் அண்ணை?"

ஸ்ரீபன் தண்ணீரைப் பார்த்தார்.

"பேர் ஒண்டுமில்லை ரீச்சர்," என்றார்.

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள்.

அடுத்த கோடை அவள் நாலு மாணவர்களோடு வந்து, கிடங்கைச் சுற்றித் தடி நட்டுக் கொடி கட்டி, பத்து நாள் அளந்தாள். முல்லைத்தீவான் கண்ணை மூடிக்கொண்டா இருப்பான்? பதினோராம் நாள் விடியும்போது பேதுருவின் வள்ளம் உட்பட ஒன்பது வள்ளம் அதன்மேல் நின்றன. இத்தனை வருடம் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு மூச்சுக் காட்டவில்லையே என்று பேதுரு ஒரு கிழமை கோபித்துக்கொண்டார். பிறகு, நானாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன் என்று ஒத்துக்கொண்டு ஒரு சிரட்டை கள்ளோடு வந்தார். ஊர் அந்த இடத்துக்கு 'யூனிவசிற்றிக் கிடங்கு' என்று பெயர் வைத்துவிட்டது.

அந்த வருடத்து வெளிநாட்டுப் படிப்பு வேறொருவருக்குப் போயிற்று. விமலேஸ்வரி தன் ஆராய்ச்சியைத் திரும்பவும் முதலிலிருந்து செய்தாள். இப்போது தோடு குத்திய மீன்கள் ஒன்பது வள்ளத்தில் விழுந்தன. இடத்தை ஒளிக்கத் தேவையில்லாததால் எல்லாரும் அட்டை அனுப்பினார்கள். எல்லாருக்கும் கடிதம் வந்தது. தபால்காரரின் சைக்கிள் பேதுருவின் படலையில் நிற்கும். ஸ்ரீபன் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார். தலையை நிமிர்த்தமாட்டார், மணிச் சத்தம் தாண்டிப்போகும்வரை ஊசியும் நகராது.

அவருக்குக் கடிதம் வராமல் இல்லை. வலையில் விழுந்தால் அவரும் அனுப்பினார், பதிலும் வந்தது. முழுக்கத் தட்டச்சு. அடியில் வேறு யாரோ ஒருவருடைய கையெழுத்து. சுகமா என்று அதில் கேட்கவில்லை. அவள் கோபித்துக்கொண்டுதான் விட்டாளா, வேலைப் பளுவில் விட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்டு எழுதத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார். அறுபத்தேழு ஆனியில் அவள் கைப்பட ஒரு கடிதம் வந்தது. ஆராய்ச்சி நிறைவேறிவிட்டது, செப்டெம்பரில் இங்கிலாந்துக்குப் போகிறேன், முன்னுரையில் உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், அன்றைக்கு நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் நான் ஆயுள் முழுக்கப் பிழையைப் படிப்பித்துக்கொண்டிருப்பேன் என்று எழுதியிருந்தாள். அதை அவர் பேணியில் மேலாக வைத்தார். அதற்குப் பிறகு தோடு குத்த யாரும் வரவில்லை.

அந்த ஐப்பசியில், களப்பு வாய் திறப்பதற்கு முன்பு, ஒரு கிழட்டுக் கொடுவா அவர் வலையில் வந்தது. முதுகில் பாசி பிடித்த பொத்தான். அதுதான் கடைசித் தோடாக இருக்கவேண்டும். வீட்டில் ஓர் அட்டை மிச்சமிருந்தது. விளக்கடியில் வைத்து நீளம், நாள், பெயர் எல்லாம் எழுதினார். 'பிடிபட்ட இடம்' என்ற கோட்டில் கை நின்றது. வட்டுவாகல் என்று எழுதவில்லை. யூனிவசிற்றிக் கிடங்கு என்றும் எழுதவில்லை. மார்கிறட் வைத்த பெயரை எழுதினார். முப்பத்தாறு வருடத்தில் அந்தப் பெயர் மையைக் கண்டது அன்றுதான். எழுதிவிட்டுத் தனியே இருந்து சிரித்தார். அது அப்படிப்பட்ட பெயர்.

மறுநாள் நவம்பர் இரண்டு, இறந்தவர்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாள். அட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். தபால் கந்தோர் வாசலில் பேதுரு கண்டு, என்ன, பேராதனைக்கோ என்று கேட்டார். ஸ்ரீபன் ஓம் என்று சொல்லிவிட்டு, தபால் பெட்டியைத் தாண்டிச் சேமக்காலைக்குப் போனார். மார்கிறட்டின் குழியில் மெழுகுதிரி கொளுத்தி, அட்டையை அதன் அடியில் வைத்து, பறக்காமல் ஒரு கல்லையும் வைத்தார்.

இரவு மாரி தொடங்கிவிட்டது. காலையில் அவர் போய்ப் பார்த்தபோது மெழுகுதிரி சாய்ந்திருந்தது. அட்டை நனைந்து வெளுத்து, எழுத்து ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பெயர் என்ன என்று ஊரில் எவருக்கும் தெரியாது, இதைச் சொல்கிற நமக்கும் தெரியாது. ஸ்ரீபன் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வள்ளத்தடிக்குப் போனார்.